பேசி முடித்த பிறகு

பரமக்குடி,
ஜூன் 28.

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, தெருமுனை வரை நடந்து போய் வருகிறார்கள். பாப்பாவும் தம்பியும் பள்ளிக்கூடம் போய்வருகிறார்கள். நேற்று ராத்திரிதானே பேசினோம், இன்றைக்கு என்ன கடுதாசி என்று நினைப்பீர்கள். மேலத்தெருப் பையன் வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து துபாய்க்கு ஃபிளைட் ஏறுகிறான். அவனிடம் கொடுத்துவிடும் கருப்பட்டியோடு இதையும் உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுக்கிறேன். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். எழுதினால் படித்துத்தானே ஆக வேண்டும்.

போன வாரம் ஒன்று சொன்னீர்கள். கம்பெனியில் டிரைவர்களை எல்லாம் உட்கார வைத்துப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள் என்று. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை அணைத்துவிட வேண்டும், தலைமாட்டில் வைக்கக் கூடாது, முடிந்தால் வேறு அறையில் வைக்க வேண்டும் என்று அந்த அதிகாரி இந்தியில் சொன்னாராம். "வேற ரூமுக்கு எங்கடி போறது? ஆறு பேருக்கு இருக்கறதே ஒரு ரூமுதான்" என்று சிரித்தீர்கள். அப்புறம், "அந்தாளு வேண்டாங்கற ஒரு மணி நேரம்தான் எனக்குக் குடும்பமே" என்றீர்கள்.

அந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இவளும் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்கள். அந்த அறிவுரையை எழுதியவர்கள் மனதில் இருந்தது, பெண்டாட்டி பிள்ளைகள் ஒரே வீட்டில் இருக்கிற ஆட்கள். அவர்கள் போனைத் தூக்கி வைத்தால் வீட்டோடு நாலு வார்த்தை பேசலாம். நீங்கள் தூக்கி வைத்தால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. வாட்ஸப்பில் பேச முடியாத ஊரில் போட்டிம் ஆப்பைப் போட்டுக்கொண்டு, சிக்னலுக்காக மாடிப்படியில் போய் உட்கார்ந்து நீங்கள் பேசுகிற அந்த நாற்பது நிமிடத்தை எந்த டாக்டர் வந்து சொன்னாலும் நான் விடமாட்டேன். என் கேள்வியெல்லாம் பேசி முடித்த பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

உங்களுக்கு ராத்திரி பத்தே முக்காலுக்குப் பேச்சு முடிகிறது. எனக்கு அப்போது பன்னிரண்டே கால். "சரி தூங்கு, நானும் படுக்கிறேன்" என்கிறீர்கள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து நான் போனை எடுத்துப் பார்த்தால் உங்கள் லாஸ்ட் சீன் இரண்டு முப்பத்தைந்து என்று காட்டுகிறது. ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தால் அங்கே ஒரு மணி ஐந்து. நாலேகாலுக்கு எழுந்து வண்டியை எடுக்கிற மனுஷன் ஒரு மணிக்குப் படுத்தால் மிச்சம் மூன்று மணி நேரம். ஒருநாள் என்றால் ஏதோ கூட்டாளியோடு பேசிக்கொண்டிருந்தார் என்று விட்டுவிடலாம். தினமும் இதே கதை. துப்பறிகிறாளே என்று நினைக்காதீர்கள். நீங்கள் எழுந்துவிட்டீர்களா என்று பார்க்கத்தான் எடுப்பேன், அந்த எண் கண்ணில் படுகிறது.

கேட்டால் உங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "நான் மஞ்சள் மோடு போட்டுத்தான் பாக்கறேன்." யாரோ வீடியோவில் நீல வெளிச்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சொல்ல, அன்றிலிருந்து திரையை மஞ்சளாக்கிவிட்டுத் தைரியமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். நீங்கள் சொல்வதில் பாதி உண்மை.

நம் கண்ணுக்குள் உருவங்களைப் பார்க்க உதவும் செல்கள் போக, சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே தனியாகச் சில செல்கள் உண்டு. 2002-இல்தான் இதை உறுதியாகக் கண்டுபிடித்தார்கள். நீல நிறம் பட்டால் அவை அதிகமாகக் கிளர்ந்து, இன்னும் பகல்தான் என்று மூளைக்குத் தகவல் அனுப்பும். மூளையும் தூக்கத்துக்கான மெலடோனினைச் சுரக்காமல் தள்ளிப்போடும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 12 பேரை இரண்டு வாரம் தங்கவைத்துப் பார்த்தார்கள். ஐந்து ராத்திரி ஐபேடில் படிக்க வேண்டும், ஐந்து ராத்திரி காகிதப் புத்தகத்தில். ஐபேடில் படித்த நாட்களில் மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது, உடம்புக்குள் ஓடுகிற கடிகாரம் மறுநாள் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. எங்களுக்கும் உங்களுக்கும் இடையே இருக்கிற அதே ஒன்றரை மணி! நீல வெளிச்சம், நீல வெளிச்சம் என்று பேசுகிறவர்கள் 2014 கடைசியில் வந்த இந்த ஆராய்ச்சியைத்தான் அடிக்கடி காட்டுகிறார்கள்.

ஆனால் அந்த ஆராய்ச்சியிலேயே இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. மங்கலான அறையில் முழு வெளிச்சத்தில் ஐபேடை வைத்து, தூங்குவதற்கு முன் நாலு மணி நேரம் படித்தவர்களுக்குத் தூக்கம் வர எவ்வளவு தாமதமானது தெரியுமா? சராசரியாகப் பத்து நிமிடம். அவ்வளவுதான். 2016-இல் ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தார் இன்னொன்று செய்தார்கள். 14 பேரைப் பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருக்கவைத்து, ராத்திரி இரண்டு மணி நேரம் டேப்லெட்டில் படிக்கச் சொன்னார்கள். புத்தகத்தில் படித்த நாளுக்கும் இதற்கும் மெலடோனினில் வித்தியாசமே தெரியவில்லை. நாள் முழுக்க துபாய் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வண்டியோடு இருக்கிற உங்களுக்குப் போன் வெளிச்சம் பெரிய எதிரியாக இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மஞ்சள் மோடையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2021-இல் அமெரிக்க இளைஞர்களிடம் பார்த்தபோது, அதைப் போட்டவர்கள், போடாதவர்கள் இரு தரப்பினரின் தூக்கத்திலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. உங்கள் மஞ்சள் திரை ஒரு சமாதானம், அவ்வளவுதான்.

வெளிச்சத்தால் போகிறது பத்து நிமிடம் என்றால், உங்களுடைய இரண்டேகால் மணி நேரம் எதனால் போகிறது? அந்த வகுப்பில் இதற்குப் பதில் சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள். முன்பு சினிமாப் பாட்டு கேசட் என்றால் ஒரு பக்கம் முடிந்ததும் டக்கென்று நிற்கும். எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும், சோம்பலாக இருந்தால் அப்படியே தூங்கிவிடுவோம். இந்தப் போன் சனியன் நிற்பதே இல்லை. பக்கம் முடியாமல் கீழிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும்படி 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்பவர். பிறகு அதற்காக அவரே வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசினார். நெட்ஃபிளிக்ஸ் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்களுக்குப் போட்டி மனிதர்களின் தூக்கம்தான் என்ற பொருளில் 2017-இல் கூசாமல் சொன்னார். நீங்கள் ஒரு மணிக்குப் படுத்தால் அவர்களுக்கு லாபம், பத்தே முக்காலுக்குப் படுத்தால் நஷ்டம். இவ்வளவு படித்தவர்கள் காசு போட்டுச் செய்திருப்பதை, பதினாலு மணி நேரம் உழைத்துக் களைத்த ஒரு ஆள் மன உறுதியால் ஜெயித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். அதனால்தான் உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

"நாள் பூரா கம்பெனிக்கு. இந்த நேரம்தான் எனக்குன்னு இருக்கு" என்று ஒருமுறை சொன்னீர்கள். அதுவும் எனக்குப் புரிகிறது. ஆறு பேர் இருக்கிற அறையில், கீழ்க்கட்டிலைச் சுற்றி லுங்கியைக் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே படுத்துக் காதில் இயர்போனை மாட்டினால்தான் தனி இடம் என்று ஒன்று கிடைக்கிறது. அந்த நேரத்தில் வடிவேலு காமெடி பார்க்கிறீர்களோ, ஊர்த் திருவிழா வீடியோ பார்க்கிறீர்களோ, எனக்கு அதில் வருத்தமில்லை. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு வண்டி எடுக்கிறீர்களே, அதில்தான் பயம்.

நடுவில் அந்தக் கண் விஷயம். பொங்கல் முடிந்து ஒருநாள், பாத்ரூமுக்கு எழுந்தபோது ஒரு கண்ணில் சுத்தமாகப் பார்வை இல்லை, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது என்று சொன்னீர்கள். சுகராக இருக்கும் என்று ரூமில் யாரோ பயமுறுத்தினார்கள். லண்டனில் இரண்டு பெண்களுக்கு இதே மாதிரி அடிக்கடி வந்து, நரம்பு, மூளை எல்லாம் சோதித்துவிட்டுக் கடைசியில் டாக்டர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். 2016-இல் மருத்துவப் பத்திரிகையில் எழுதியும் இருக்கிறார்கள். ஒருக்களித்துப் படுத்தால் ஒரு கண் தலையணையில் அழுந்தி மூடிக்கொள்கிறது. இன்னொரு கண்ணால் மட்டும் இருட்டில் போனைப் பார்க்கிறோம். மூடிய கண் இருட்டுக்குப் பழகிவிடுகிறது, பார்த்த கண் வெளிச்சத்துக்குப் பழகிவிடுகிறது. போனை அணைத்ததும் இருட்டில் அந்தக் கண் மட்டும் குருடான மாதிரி இருக்கும். சில நிமிடத்தில் திரும்பிவிடும், கண்ணுக்குக் கேடில்லை. நீங்கள் எப்போதும் வலப்பக்கம் ஒருக்களித்துத்தானே படுப்பீர்கள்? போனது இடது கண்தானா என்று யோசித்துப் பாருங்கள். எதற்கும் கிளினிக்கில் ஒரு தடவை சுகர் பார்த்துவிடுங்கள். போன் பார்க்காத நேரத்தில் அப்படி வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும், அதில் விளையாட்டு வேண்டாம்.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். "எனக்கு இந்தத் தூக்கமே பழகிப்போச்சு, ஒண்ணும் தெரியறதில்ல" என்பீர்கள். தெரியாது என்பதுதான் சிக்கலே. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 48 பேரைப் பிரித்து, சிலருக்கு எட்டு மணி நேரம், சிலருக்கு ஆறு, சிலருக்கு நாலு என்று பதினாலு நாள் தூங்கவிட்டார்கள். 2003-இல் முடிவு வந்தது. ஆறு மணியும் அதற்குக் கீழும் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் ஒன்றிரண்டு ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்களின் நிலைமைக்குப் போய்விட்டது. அவர்களிடம் கேட்டால், கொஞ்சம் அசதிதான், பெரிதாக ஒன்றுமில்லை என்கிற மாதிரிதான் பதில் வந்தது. உடம்பு பழகவில்லை, அசதியைச் சொல்கிற புத்திதான் மழுங்கிப்போயிருக்கிறது. நாலு மணி நேரம் தூங்கியவர்களுக்கே அந்தக் கதி. உங்கள் கணக்கு மூன்று.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதவரின் கை, கண், புத்தி எல்லாம் ரத்தத்தில் 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் மது இருப்பவரைப் போல வேலை செய்யும் என்று ஆஸ்திரேலியாவில் 1997-இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். நம் ஊர்ச் சட்டத்தில் 30 தாண்டினாலே கேஸ். உங்கள் ஊரில் துளி இருந்தாலும் ஜெயில் வாசல்தான். ஒரு சொட்டு தொடாத நீங்கள் தினமும் அந்த நிலைமையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறீர்களோ என்று எனக்குப் பதறுகிறது.

சித்திரையில் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்ன விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது கண் ஒரு நொடி சொருகிவிட்டது, பக்கத்து லாரிக்காரன் ஹாரன் அடித்ததில் முழித்துக்கொண்டேன் என்றீர்கள். அது ஒரு நொடியாக இருக்காது. அப்படிச் சொருகுகிற தூக்கம் நாலைந்து நொடிகூடப் போகும், நமக்குத் தெரியவே தெரியாது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நாலு நொடி என்றால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் ஓடியிருக்கும். நம் வீட்டு வாசலிலிருந்து பிள்ளையார் கோயில் தாண்டி ரேஷன் கடை வரைக்கும், யாருமே ஓட்டாமல். பின்னால் முப்பது பேர் அந்த நேரத்தில் உங்களை நம்பித் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கும் ஊரில் ஒருத்தி போனை எடுத்து லாஸ்ட் சீன் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சரி, பயமுறுத்தியது போதும். இனிமேல் எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறேன். பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காததைப் போனில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

முதலில் நம் பேச்சை முன்னால் கொண்டுவர வேண்டும். அங்கே பத்து மணிக்குத்தான் பேச வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீங்கள் குளித்துச் சாப்பிட்டு முடித்து, நானும் நோட்டுத் திருத்தி முடித்து உட்கார்வதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். இனி ஒன்பது மணிக்குத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கூப்பிடுங்கள். இங்கே பத்தரை. நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்தால் அத்தைக்கும் சந்தோஷமாக இருக்கும், இப்போது பாவம், உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். நோட்டுகளை நான் பள்ளிக்கூடத்திலேயே திருத்திவிடுகிறேன். பத்து மணிக்குப் படுத்தாலும் உங்களுக்கு ஆறேகால் மணி நேரம்தான் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள். அந்த முக்கால் மணி நேரத்தை உங்கள் கம்பெனிதான் வைத்திருக்கிறது, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? வகுப்பெடுத்த அந்த அதிகாரி காலை ஷிப்ட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அப்புறம் போனைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

மிச்சத்தைப் பகலில் பிடிக்கலாம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று உங்கள் ஊரில் சட்டம் இருக்கிறதே, அந்த நேரத்தில் ஆட்கள் ஓய்வெடுக்கிற இடத்தில் நீங்களும் அரை மணி நேரம் தலையைச் சாயுங்கள். விமானிகளுக்கு நாற்பது நிமிடம் ஓய்வு கொடுத்து நாசா சோதித்தபோது சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்களாம், அதற்கே தூங்காதவர்களைவிட நல்ல விழிப்போடு இருந்தார்களாம். ராத்திரி பார்க்கிற வடிவேலுவை மூன்று மணிக்கு மேல், ஆட்கள் வேலையில் இருக்கும்போது பாருங்கள். அந்த நேரம் சும்மா வண்டியில்தானே காத்திருக்கிறீர்கள்.

அடுத்தது பாப்பா. பத்தாம் வகுப்பு. அவள் வயசுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். "அப்பாகிட்ட பேசிட்டுத் தூங்கறேன்" என்று பன்னிரண்டு வரை முழித்திருந்து, காலையில் டியூஷனுக்கு எழுப்பினால் அழுகிறாள். பேசி முடித்ததும் போனைத் திருப்பித் தருவதும் இல்லை. அப்பா மட்டும் பார்க்கிறாரே என்கிறாள், அவளுக்கும் லாஸ்ட் சீன் பார்க்கத் தெரியுமே! அவள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வர நாலே முக்கால். உங்களுக்கு அப்போது மூன்றேகால். அப்போது அவளோடும் தம்பியோடும் பேசிவிடுங்கள். ராத்திரி எனக்கும் அத்தைக்கும்.

கடைசியாக, "அலாரத்துக்குத்தான் போனைத் தலைமாட்டுல வெக்கறேன்" என்கிற சாக்கு. பார்சலைப் பிரித்தால் கருப்பட்டிக்குக் கீழே ஒரு அலாரம் கடிகாரம் இருக்கும். பரமக்குடி பஜாரில் வாங்கினேன், சத்தம் பயங்கரம், ரூமில் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து திட்டுவார்கள். பரவாயில்லை. போனைச் சார்ஜில் போட்டுக் கதவுப் பக்கத்து பிளக்கில் விட்டுவிடுங்கள், எழுந்து போய் எடுக்கும்படி இருக்கட்டும். அவசரம் என்றால் நான் சாதாரண காலில் கூப்பிடுகிறேன், ரிங் கேட்கும். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், சூடேறும், ஆபத்து.

ஒரே நாளில் எல்லாம் மாற வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் லீவு, அன்றைக்கு ஆரம்பிக்கலாம். ஒன்பது மணிக்குக் கூப்பிடுங்கள், தட்டோடு. பத்தடித்ததும் நானே வைத்துவிடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

அன்புடன்,
உங்கள் மனைவி.

பி.கு: கடிகாரத்துக்கு பேட்டரி போடவில்லை. ஏர்போர்ட்டில் தொல்லை என்று பையன் எடுத்துவிடச் சொன்னான். பென்சில் பேட்டரி ஒன்று அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.